762 மி.மீ.: கீரிப்பாறைத் தகர டப்பாவில் ஒரு மலை ரயில்

திங்கள், நாகர்கோவில்

குமரி மாவட்டத்தில் குறுகிய தண்டவாள ரயில் ஓடியதே இல்லை. மீட்டர்கேஜும் ஓடியதில்லை. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வந்த முதல் ரயிலே அகலப்பாதை ரயில்தான். திருநெல்வேலிப் பக்கத்து இணைப்பு 1981இல் வந்தது. அழிந்துபோன ஒரு இலங்கை மலை ரயிலைப் படமெடுத்த பழைய பிலிம்களைத் தேடி ஸ்கேன் செய்யத்தான் வந்திருக்கிறோம். அந்தப் பிலிமுக்கு இங்கே என்ன வேலை?

காரணம் ரப்பர். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். கீரிப்பாறை, மணலோடை, கோதையாறு என்று மலையடிவாரம் முழுக்க அவர்கள் குடியிருப்புகள் உண்டு. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கிய டிரங்குப் பெட்டிகளில் பாத்திரம், துணிமணி, ரேஷன் புத்தகத்தோடு சில வீடுகளில் பிலிம் டப்பாவும் வந்திருக்கிறது. தோட்டத்துத் துரைமார் ஊரைவிட்டுப் போகும்போது கிளார்க்கிடமும் கணக்கப்பிள்ளையிடமும் விட்டுவிட்டுப் போனவை.

தேடும் ரயில், இலங்கை மலைநாட்டு உடப்புசல்லாவைப் பாதை. நானுஓயாவில் அகலப்பாதையிலிருந்து பிரிந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை சுமார் 19 மைல். தண்டவாள இடைவெளி 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மி.மீ. 1903-04இல் திறந்தார்கள். தேயிலைப் பெட்டியை இறக்கவும் அரிசி, உரம் ஏற்றவும் ஓடியது. சாலையும் பஸ்ஸும் வந்தபின் தாக்குப்பிடிக்காமல் 1940களில் மூடிவிட்டார்கள்.

இன்று சாமான் சேர்க்கும் வேலை மட்டும். கையில் இருந்தவை: 16 மி.மீ. பிலிமைச் சுற்றும் ரீவைண்டர் ஒரு ஜோடி, லைட் பாக்ஸ், 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப், ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், பிலிமை ஒட்டும் ஸ்ப்ளைசர், சுருளின் முனையில் சேர்க்கும் வெள்ளை லீடர் பிலிம், நைட்ரில் கையுறை, அமில அளவு காட்டும் ஏ-டி ஸ்ட்ரிப். நாகர்கோவிலில் வாங்கவேண்டியது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சிலிக்கா ஜெல்லும். மருந்துக் கடையில் கேட்டால் கைகழுவ விற்கும் 70 சதவீதச் சரக்கைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் மிச்சம் 30 சதவீதம் தண்ணீர். பிலிமில் படம் இருக்கும் பூச்சு ஜெலட்டின். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும். துடைத்த துணியோடு படமும் வந்துவிடும். 99 சதவீதம் என்று போட்டதை ரசாயனக் கடையில்தான் வாங்கவேண்டும், அரை லிட்டர் தாராளம்.

புரொஜெக்டர் எடுத்து வரவில்லை. வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான் என்றாலும், பல வருஷம் பூட்டிக் கிடந்த பிலிமை நேரே புரொஜெக்டரில் மாட்டுவதுபோல் ஒரு கொலை கிடையாது. பிலிம் சுருங்கியிருக்கும், புரொஜெக்டரின் பல்லோ சுருங்காது. பிலிமின் ஓரத்துத் துளைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே போகும்.

செவ்வாய், கீரிப்பாறை

பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டினால் காற்றே மாறிவிடுகிறது. நாகர்கோவிலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு, ஈரம் அதிகம். மாசி மாதத்திலும் காலை எட்டு மணிக்கு ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றது. 65க்கு மேல் தொடர்ந்து இருந்தாலே ஜெலட்டினில் பூஞ்சை வளரத் தொடங்கும். ஆகவே டப்பா திறக்கும் வேலையை வெயில் ஏறி 11 மணிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.

ரப்பர் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் கெடும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். புளித்த காடி வாடை அடிக்கும். எல்லாக் கையேடும் முதலில் மூக்கை நம்பச் சொல்லும். இங்கே ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவதே ஃபார்மிக் அமிலம் அல்லது அசிட்டிக் அமிலம். ஷீட் அடிக்கும் கொட்டகைப் பக்கம் நின்றால் எந்தப் பிலிமும் கெட்டுப்போனதாகத்தான் தோன்றும். ஏ-டி ஸ்ட்ரிப்பும் எந்த அமில ஆவிக்கும் நிறம் மாறும். அது பிலிமிலிருந்து வந்ததா, கொட்டகையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் டப்பாவுக்குள் ஒரு ஸ்ட்ரிப் போட்டால், காலியான மூடிய டப்பா ஒன்றில் இன்னொன்றைப் போட்டு அதே அறையில் வைக்கவேண்டும். இரண்டின் வித்தியாசம்தான் பிலிமின் கணக்கு.

வீட்டில் மூன்று டப்பா. இரண்டு சின்னது, நூறு அடிச் சுருள். ஒன்று பெரியது, நானூறு அடி. வைத்திருந்த இடம் பழைய ஷீட் உலர்த்தும் அறையின் பரண். நல்ல இடமில்லை. புகை, அமில ஆவி, வெப்பம் மூன்றும் சேர்ந்த இடம்.

"தொர கப்பலேறுறப்ப எங்கப்பா கையில குடுத்தது. மெஷினு இல்ல, நாங்க யாரும் பாத்ததில்ல தம்பி. ரயிலுன்னு மட்டும் அப்பா சொல்லுவாரு" என்றார் பாட்டி. பெரிய டப்பாவின் மூடியில் பேனாவால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது துருவில் போய்விட்டது. துரு உள்ளே விழாமல் மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக்கூடாது. டப்பாவைச் செங்குத்தாகப் பிடித்து, விளிம்பைச் சுற்றி மரக்கட்டையால் மெல்லத் தட்டி, பிரஷ்ஷால் துருவை வெளிப்பக்கம் துடைத்துவிட்டு, மூடியை முறுக்கி எடுக்கவேண்டும். இருபது நிமிஷம் ஆகும். அவசரப்பட்டால் துருத்தூள் சுருளுக்குள் இறங்கி, சுற்றும்போது ஒவ்வொரு அடியிலும் கோடு போடும்.

தீப்பிடிக்குமா என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. பழைய 35 மி.மீ. சினிமாப் பிலிம் நைட்ரேட்டில் வந்தது. தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஆனால் கோடாக் 1923இல் 16 மி.மீ. பிலிமைக் கொண்டுவந்ததே வீட்டில் வைத்துப் பார்க்கத்தான், அசிட்டேட் அடித்தளத்தில்தான். இது எரியாமல் புளித்துச் சாகும் வகை.

அடுத்தது சுருக்கம் அளப்பது. 16 மி.மீ. பிலிமில் ஒரு பிரேமிலிருந்து, அதாவது ஒரு தனிப்படத்திலிருந்து, அடுத்த பிரேமுக்கு 7.62 மி.மீ. பிரேமுக்கு ஒரு துளை. நூறு பிரேம் எண்ணினால் 762 மி.மீ. இந்த ரயிலின் தண்டவாள இடைவெளியும் அதே 762. தற்செயல்தான், 0.3 அங்குலமும் 30 அங்குலமும் செய்த வேலை. ஆனால் மறக்கவே முடியாத அளவுகோல்.

ஒரு துளையின் மேல் விளிம்பில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, நூறு துளை தள்ளி, அதன் மேல் விளிம்பில் படிக்கவேண்டும். துளையின் நடுவிலிருந்து அளந்தால் அரை மி.மீ. பிசகும். பிலிமை இழுக்காமல், ஆனால் தட்டையாக, கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே வைத்து அளக்கவேண்டும். சின்னச் சுருள் ஒன்று 757 காட்டியது. சுருக்கம் 0.66 சதவீதம். பெரியது 753, அதாவது 1.2 சதவீதம். 0.8 தாண்டினால் பல்சக்கரம் உள்ள எந்தக் கருவியிலும் ஓட்டக்கூடாது. 2 சதவீதம் வரை பல்லில்லாத ஸ்கேனரில் சமாளிக்கலாம். வெளிச்சுற்றை மட்டும் அளந்து முடிவுகட்டக் கூடாது. வெளிச்சுற்று காற்றுப் பட்டுச் சீக்கிரம் காயும், உள்ளே வேறு அளவு இருக்கும். நடுவிலும் ஒருமுறை அளக்கவேண்டும்.

மூன்றாவது டப்பாவில் சுருள் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. அதைத் தொடவில்லை.

ஸ்ட்ரிப் போட்டு மூடியாயிற்று. இருபத்துநாலு மணி நேரம் காத்திருக்கவேண்டும்.

புதன், மணலோடை, பேச்சிப்பாறை

பலனில்லாத நாள். குலசேகரம் வழியாகப் போய்ப் பார்த்த வீட்டில் இருந்தது சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் வெட்டிப்போட்ட 35 மி.மீ. துண்டுகள், ஒரு பிஸ்கட் டின் நிறைய. ரயில் இல்லை. ஆனாலும் ஓரத்தை லூப்பில் பார்த்து, பாதுகாப்பு பிலிம் என்ற ஆங்கில எழுத்து எல்லாத் துண்டிலும் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே வீட்டுக்குள் திரும்ப வைக்கச் சொன்னோம். ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

திரும்பும் வழியில் கீரிப்பாறை ஸ்ட்ரிப்புகள். ஸ்ட்ரிப்பின் கணக்கில் நீலம் பூஜ்யம், மஞ்சள் மூன்று. காலி டப்பாவில் நீலம் லேசாகப் பச்சைப்பக்கம் சாய்ந்திருந்தது, அரைப் புள்ளி. முதல் சுருள் ஒன்று. பெரியது ஒன்றரை. ஒட்டிக்கிடக்கும் மூன்றாவது நல்ல மஞ்சள், மூன்று. ஒன்றரை என்பது திருப்பம். அதுவரை மெதுவாக நடந்த சிதைவு, அங்கிருந்து தன் அமிலத்தாலேயே தன்னை வேகப்படுத்திக்கொள்ளும். கொட்டகைக்கு அரைப் புள்ளி கழித்தாலும் பெரிய சுருளை இந்த வாரமே படமெடுத்துவிடவேண்டும்.

வியாழன், குளச்சல்

கப்பல் வேலைக்குப் போன குடும்பம். 8 மி.மீ. சுருள், ஐம்பது அடி, மஞ்சள் பெட்டி. மேலே தமிழில் "நாகர்கோவில் ரயில் 1962".

1962இல் நாகர்கோவிலில் ரயில் இல்லை. பெட்டியின் எழுத்து தப்பு, அல்லது அந்தக் காலத்துப் பேச்சு. நாகர்கோவில்காரர் ரயிலேறவேண்டுமென்றால் ஒன்று திருநெல்வேலிக்குப் போகவேண்டும், இல்லை திருவனந்தபுரத்துக்கு. இரண்டும் அப்போது மீட்டர்கேஜ். எது என்று பிரேமைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

முதலில் இது பழைய 8 மி.மீ.யா சூப்பர் 8ஆ? துளை பெரிதாக, பிரேம் கோட்டுக்கு நேராக இருந்தால் பழையது. துளை சின்னதாக, பிரேமின் நடுப்பக்கம் இருந்தால் சூப்பர் 8, அது 1965க்கு முன் கிடையாது. இங்கே பெரிய துளை. தேதி எழுத்தோடு சண்டை போடவில்லை.

அடுத்து தண்டவாளம். வீட்டுப் பிலிமில் பாதையின் அகலத்தைக் கண்ணால் யாரும் சொல்லமுடியாது, காமிரா நின்ற இடம் ஏமாற்றும். அதனால் ஒரே சிலிப்பர் கட்டையை எடுத்துக்கொள்ளவேண்டும். கட்டையின் முழு நீளத்தை அந்தக் கட்டைமேல் இருக்கும் இரு தண்டவாளத்துக்கு இடைப்பட்ட தூரத்தால் வகுக்கவேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதால் தூரம், கோணம் பெரிதாகக் குழப்பாது. இந்திய ரயில்வே மரக்கட்டை அளவில் அகலப்பாதைக்கு 2,750 மி.மீ. கட்டை, மீட்டர்கேஜுக்கு 1,800, குறும்பாதைக்கு 1,500. இவற்றை 1,676, 1,000, 762 மி.மீ. தண்டவாள இடைவெளியால் வகுத்தால் முறையே 1.64, 1.8, 1.97. அகலம் குறையக் குறையக் கட்டை விகிதத்தில் நீண்டுகொண்டே போகும். ஜல்லி மூடாத ஐந்தாறு கட்டைகளில் அளந்து சராசரி எடுத்தால் போதும். இங்கே 1.8ஐ ஒட்டி வந்தது. பெட்டிகளின் முனையில் இருபக்கமும் இடி தாங்கும் பஃபர் இல்லை, நடுவில் ஒற்றை பஃபர்-கொக்கி. மீட்டர்கேஜ்தான்.

ஊர்? நிலையப் பலகை பாதி வெட்டுப்பட்டு நாலைந்து பிரேமில் கடக்கிறது. மூன்று வரியில் மேல்வரி தமிழ், மலையாளம் எங்கும் இல்லை. திருவனந்தபுரம் கழிந்தது. மீதமிருக்கும் எழுத்து "வேலி". திருநெல்வேலி என்று எழுதிக்கொடுத்தோம். வீட்டில் கொஞ்சம் ஏமாற்றம். எங்களைக் கேட்டால் சரியான திருநெல்வேலி, தவறான நாகர்கோவிலைவிட மேல்.

பிலிம் நிறப் பிலிம், கோடாக்ரோம். நிறம் அப்படியே நிற்கிறது, இன்ஜின் முன்பலகையின் சிவப்புகூட. கடற்கரை வீடு என்றாலும் பிளாஸ்டிக் சுருளில் அட்டைப்பெட்டியில் இருந்ததால் தப்பியது. பக்கத்தில் இருந்த இரும்புச் சுருள் உப்புக்காற்றில் அப்பமாய்ப் பொரிந்திருந்தது, அதிலிருந்தவை கையில் எடுக்கும்போதே உதிர்ந்தன.

குறும்பாதை என்று சொன்னதும் குளச்சலில் ஒருவர், குலசேகரன்பட்டினம் ரயிலா என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை சர்க்கரை ஆலைக்காக ஓடிய 2 அடிப் பாதை, 1940இல் மூடியது, இந்த மாவட்டத்துக்கு மிக அருகில் இருந்த குறும்பாதை அதுதான். ஆனால் அது தேரிமணலிலும் பனங்காட்டிலும் ஓடியது. பிரேமில் மலைச்சரிவு தெரிந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வெள்ளி, சனி, தக்கலை

ஸ்கேன் வேலை. ஜன்னல் இரண்டையும் அடைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்து ஒரு மணிநேரம் காயவிட்டு, மின்விசிறியை நிறுத்தியாயிற்று. உஷ்ணம் தாங்கவில்லை, ஆனால் விசிறி போட்டால் தூசு நேரே பிலிமில் உட்காரும்.

முதலில் சுத்தம். ரீவைண்டரில் சுருளை இடமிருந்து வலம் மெதுவாகச் சுற்றும்போது, நார் விடாத துணியை நாலாய் மடித்து ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து, பிலிமை அதற்குள் ஓடவிடவேண்டும். இருபது அடிக்கு ஒருமுறை துணியின் புதுப்பக்கம். அழுக்கான பக்கத்திலேயே தொடர்ந்தால் எடுத்த மண்ணே கோடு கிழிக்கும். துணிக்கும் வலப்பக்கச் சுருளுக்கும் நடுவே இரண்டடியாவது இடைவெளி வேண்டும், ஆல்கஹால் பறந்துவிட்ட பிறகே பிலிம் சுருளில் ஏறவேண்டும். ஈரத்தோடு ஏறினால் அடுத்த சுற்றின் முதுகில் ஒட்டி, வட்டவட்டமாகக் கறை விடும். பூஞ்சை பிடித்த இடத்தில் உலர்ந்த மெல்லிய பிரஷ் மட்டும்.

பெரிய சுருளில் மூன்று ஒட்டு. அதாவது நான்கு நூறடிச் சுருளை யாரோ வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். பழைய சிமென்ட் ஒட்டு காய்ந்து, தொட்டதும் விட்டுவிட்டது. அசிட்டேட் என்பதால் மறுபடி சிமென்ட் ஒட்டலாம். ஆனால் அதற்கு ஓரத்துப் பிரேமில் பூச்சைச் சுரண்டவேண்டும், ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பிரேம் போகும். துளையிட்ட ஸ்ப்ளைசிங் டேப் போட்டால் எதுவும் போகாது. டேப்பின் பசை பத்து இருபது வருஷத்தில் வழியும் என்பது உண்மை. ஸ்கேன் செய்யும் வரைக்கும்தானே, டேப்தான் போட்டோம்.

இந்தப் பிலிமின் துளை ஓரம் கறுப்பு. அச்சுப் பிரதியாக இருந்தால் ஓரம் பெரும்பாலும் வெளுப்பாக இருக்கும். கறுப்பு என்றால் காமிராவில் ஓடிய ரிவர்சல் பிலிமே நேராக இது, அதாவது நெகட்டிவ் இல்லாமல் கழுவியதும் தானே படமாகும் வகை. நெகட்டிவ் என்று வேறெங்கும் இருக்காது. டேப் போட்டதற்கு அதுவும் காரணம்.

கருவி பெரிய ஸ்டுடியோ ஸ்கேனர் இல்லை. ராஸ்ப்பெர்ரி பை கணினி, அதன் 12.3 மெகாபிக்சல் காமிரா, மேக்ரோ லென்ஸ், ரப்பர் உருளையைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டார், சுற்றிக்கொள்ள ஒரு கியர் மோட்டார், பிலிமுக்குப் பின்னால் பால்கண்ணாடி, அதற்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. பல்சக்கரம் எங்கும் இல்லை. ஒரு பூட்டிய சூட்கேஸுக்குள் அடங்கும். இதில் சறுக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, நகர்வு. மோட்டாரை ஒரு பிரேமுக்கு 7.62 மி.மீ. நகர்த்தச் சொன்னால், இந்தச் சுருங்கிய பிலிமின் பிரேம் 7.53தான். ஒவ்வொரு பிரேமிலும் 0.09 கூடுதலாகத் தள்ளும், எண்பத்தைந்து பிரேம் போவதற்குள் ஒரு முழுப் பிரேம் காணாமல் போகும். போனது தெரியவும் தெரியாது, ரயில் லேசாகத் துள்ளியதுபோல்தான் இருக்கும். அதனால் எண்ணிக்கையை நம்பாமல், ஒவ்வொரு படத்திலும் துளை எங்கே இருக்கிறது என்று நிரல் பார்த்து அடுத்த நகர்வைத் திருத்தவேண்டும். முடிந்தபின் எத்தனை படம் வந்தது என்று கணக்குப் பார்ப்பது கட்டாயம். 16 மி.மீ.யில் அடிக்கு 40 பிரேம், ஒட்டுக்கு ஒட்டு எண்ணி ஒத்துப்பார்க்கலாம்.

இரண்டு, வெளிச்சம். எல்.இ.டி.யின் பிரகாசத்தைக் குறைக்கச் சாதாரண டிம்மர் போட்டால் அது விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும், படத்தில் பட்டை பட்டையாக விழும். நேர்மின்சாரத்தில், மாறாத கரண்டில் எரியவேண்டும். பிரகாசம் கூடினால் காமிராவின் நேரத்தைக் குறைக்கலாம், விளக்கைத் தொடக்கூடாது. நீராவி இன்ஜின் என்றால் இன்னொரு தொல்லை. இன்ஜின் கன்னங்கரேல், ஆவி பளீர் வெள்ளை. ஒரே அளவில் எடுத்தால் ஒன்று சக்கரம் தொலையும், இல்லை ஆவி தொலையும். ஒரு பிரேமை மூன்று வெளிச்ச அளவில் எடுத்து ஒன்றாகச் சேர்த்தோம்.

மூன்று, கரண்ட். நடுவில் போனால் பிலிம் நின்ற இடம் தெரியாது. சின்ன யு.பி.எஸ். போதும், விளக்கு, மோட்டார், கணினி மூன்றும் அதில் இருக்கவேண்டும், கணினி மட்டும் இருந்தால் பயனில்லை.

வேகம் பிரேமுக்கு இரண்டு வினாடி. நூறடிக்கு 4,000 பிரேம், இரண்டேகால் மணிநேரம். நானூறடிக்கு 16,000, கிட்டத்தட்ட ஒன்பது மணிநேரம். 2,048 × 1,536 புள்ளி, கறுப்பு வெள்ளை, 16 பிட் டிஃப் படம் ஒன்று 6.3 எம்.பி., நானூறடிக்கு நூறு ஜி.பி. ஆகிறது. ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க் இரண்டு இருந்தால் போதும். ஒன்று போதாது, எப்போதும் இரண்டு.

ஞாயிறு, கீரிப்பாறை

நானூறடியில் ரயில் இருப்பது இரண்டாம் துண்டில் மட்டும். மற்றவை தோட்டத்து விளையாட்டுப் போட்டி, பூந்தோட்டம், கப்பல் தளத்தில் நாற்காலிகள். கோடாக் பிலிமின் ஓரத்தில் ஆண்டைக் குறிக்கச் சின்ன வட்டம், சதுரம், முக்கோணம் அச்சிட்டிருப்பார்கள். அந்தக் குறிகள் இருபது வருஷத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பவரும். இரண்டாம் துண்டின் குறி 1937 அல்லது 1957. 1957இல் அந்த ரயில் இல்லை. ஆகவே 1937இல் செய்த பிலிம், படமெடுத்தது அந்த வருஷமோ அடுத்தடுத்த ஓரிரு வருஷத்திலோ. பிலிமின் தேதியை ரயிலே தீர்த்துவைத்தது. முதல், மூன்றாம் துண்டுகளில் வேறு குறிகள், அதனால் அந்தத் தேதியை முழுச் சுருளுக்கும் போடவில்லை.

வேகத்தையும் பிரேமிலேயே பார்க்கலாம். பிளாட்பாரத்தில் ஒருவர் நேராக நடந்து வருகிறார். கால் மாறிக் கால் வைக்க எட்டு பிரேம். மனிதர் சாதாரணமாக வினாடிக்கு இரண்டு காலடி வைப்பார்கள். எட்டை இரண்டால் பெருக்கினால் வினாடிக்கு 16 பிரேம், அந்தக் காலத்து மௌனக் காமிராவின் வழக்கமான வேகம். இதை 25இல் ஓட்டினால் எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இருப்பார்கள். பழைய படம் என்றாலே அப்படித்தான் என்று நாம் பழகிவிட்டோம்.

படத்துக்கு வருவோம். முதல் ஷாட்டில் பிளாட்பாரத்தின் இடது பக்கம் அகலப்பாதைப் பெட்டியின் படிக்கட்டு, வலது பக்கம் ஆள் தோளுக்குச் சற்று மேலே முடியும் சின்ன இன்ஜின். இரண்டு பாதையும் ஒரே பிரேமில் இருப்பதால் அளக்க வசதி. ஒரே தூரத்தில் எடுத்துக்கொண்டால் விகிதம் 2.2 வரவேண்டும், 1,676ஐ 762ஆல் வகுத்தது. வந்தது. இலங்கையில் இந்த இரண்டு அளவும் சந்தித்த இன்னொரு இடம் கொழும்பு, அங்கிருந்துதான் களனிவெளிக் குறும்பாதை கிளம்பியது. அதுவும் இதே 762. பின்னால் தேயிலைச் சரிவு, மூட்டம், கம்பளி சுற்றிய ஆட்கள். கொழும்பு அப்படி இராது. நானுஓயாதான்.

சுமையேற்றும் ஷாட் 11 வினாடி. தகரப்பட்டை அடித்த தேயிலைப் பெட்டியை இருவர் தூக்குகிறார்கள், மூன்றாமவர் பெட்டிமேல் கரியால் ஏதோ எழுதுகிறார். எழுத்து படிக்க முடியவில்லை, அவர் கையை எடுக்கும்முன் காமிரா திரும்பிவிடுகிறது. பாட்டி அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். கம்பளியை அவர் கட்டியிருக்கும் விதம் "எங்க தோட்டத்துக் கட்டு" என்றார். தோட்டத்துக்குத் தோட்டம் கட்டு மாறுமா என்று கேட்டதற்கு, "மாறாம? கண்டாக்கு ஐயா தூரத்துலயே சொல்லுவாரு" என்றார். கண்டாக்கு என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர். இதையும் குறிப்பில் சேர்த்தாயிற்று, யார் சொன்னது என்பதோடு.

பிறகு ரயில் ஏறுகிறது. சாலை ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம், வளைவில் முன் பெட்டியும் பின் பெட்டியும் எதிரெதிரே பார்க்கும் அளவு. கடைசியில் ஒரு சின்ன நிலையம், தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி. கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் கந்தப்பளை என்றார்கள், ஒருவர் ராகலை என்றார். பலகை பிரேமில் இல்லை. பாதையின் ஓரம் இன்னொரு தண்டவாளம் பிரிகிறது, அது கிளைப்பாதையா ரயில் விலகும் பாதையா என்று தெரிவதற்குள் பிலிம் முடிந்துவிடுகிறது. பட்டியலில் "நானுஓயாவுக்கு மேலே, பெயர் தெரியாத நிலையம்" என்றுதான் போட்டோம். அந்தக் காலத்துப் பாதை வரைபடமும் நிலையப் புகைப்படமும் வைத்து ஒப்பிட்டால் பிற்பாடு பெயர் வரலாம். இப்போதே கந்தப்பளை என்று எழுதிவிட்டால் அப்புறம் யாரும் தேடமாட்டார்கள், அதுதான் ஆபத்து.

டிவியில் காட்ட ஒரு சின்ன சங்கதி. 16 பிரேமில் செய்த கோப்பைப் பல டிவிகள் பென் டிரைவிலிருந்து ஒழுங்காக ஓட்டாது, திக்கும். ஒவ்வொரு இரண்டாம் பிரேமையும் இருமுறை வைத்து 24 ஆக்கி, எம்.பி.4 கோப்பாக வீட்டுக்குக் கொடுத்தோம். இது பார்க்க மட்டும். பாதுகாக்கவேண்டியது 16,000 தனிப்படங்களும், அவற்றை இழப்பில்லாமல் சுருக்கிய எஃப்எஃப்வி1 கோப்பும். அதில் எந்தப் பிரேமையும் இரட்டிக்கவில்லை, கோட்டை அழிக்கவில்லை, நடுக்கத்தைத் திருத்தவில்லை.

ஸ்கேன் முடிந்தது என்று பிலிமை எறியும் வழக்கம் இருக்கிறது, அது கூடாது. இரண்டு சுருளையும் புது பிளாஸ்டிக் மையத்தில், தளர்வாகவும் இல்லாமல் இறுக்கமாகவும் இல்லாமல், படத்தின் கடைசி வெளியே இருக்கும்படி சுற்றி, காற்றுப்புகும் பாலிபுரொப்பிலீன் டப்பாவில் வைத்தோம். பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுகக் கட்டினால் வெளியேறும் அமிலம் உள்ளேயே தங்கி வேலையை விரைவுபடுத்தும். ரப்பர் பேண்டும் வேண்டாம், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளிப் படத்தைக் கறுக்கும். ரப்பர் ஊரில் இதைச் சொல்ல ஒரு மாதிரி இருந்தது. பரணிலிருந்து எடுத்து, வீட்டின் நடு அறையில், ஈரச்சுவரை ஒட்டாத மர அலமாரியின் கீழ்த்தட்டு. சிலிக்கா ஜெல் நூறு கிராம் ஒரு துணிப்பையில், பிலிமைத் தொடாமல். நீலம் ரோஸ் நிறமானால் அடுப்படி ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைத்தால் மறுபடி பயன்படும்.

ஒட்டிக்கிடக்கும் மூன்றாவது டப்பாவைத் தனியே பிரித்தாயிற்று, அதன் ஆவி மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். சுற்றுகளைப் பிரிக்க வீட்டில் தண்ணீர் ஆவி காட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. இந்தப் பிலிமில் பூச்சு ஏற்கெனவே அடித்தளத்தை விட்டு எழும்பத் தொடங்கியிருக்கிறது, ஆவி பட்டால் படம் கூழாகிவிடும். அது பிலிம் பாதுகாப்புக் கூடத்தில், கட்டுப்படுத்திய அறையில், வாரக்கணக்கில் செய்யவேண்டிய வேலை. அனுப்புவதற்கு அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி, நடுவில் கசக்கிய காகிதம், பெட்டியின் இரு பக்கமும் விரல் நுழையும் அளவு ஓட்டை. பங்குனி, சித்திரை வெயிலில் பார்சல் வேனில் போகக்கூடாது. ஆனி, ஆடிச் சாரலில் இங்கே ஈரம் இன்னும் மோசம். அதனால் மாசி முடிவதற்குள், ராத்திரி ரயிலில், கையோடு.